கடைவரம்பு வயலுக்கு எந்தத் தேதியில் தண்ணீர்?

கன்னியாகுமரி மாவட்டக் கோதையாற்றுப் பாசன சங்கத் தலைவர்களுக்கு,

வணக்கம். ‘விவசாயிகள் நலனே நோக்கம்’ என்று சங்கப் பலகையில் எழுதினால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் மார்ச் மாதம் கையில் கொஞ்சம் பணம் இருக்கும்போது, எந்த மடையை முதலில் சரிசெய்வது என்று அந்த வரி சொல்லாது. அதற்கு ஓர் இடமும் ஒரு தேதியும் உள்ள நோக்கம் வேண்டும். எங்கள் யோசனை: ‘தண்ணீர் திறந்த 15-ஆம் நாள், நம் ஏலாவின் (வயல் தொகுதியின்) கடைசி வயலில் தொளி அடிக்க (சேற்றுழவு செய்ய) முடிய வேண்டும்.’

இது நடக்கிற காரியமா என்று கணக்குப் போடலாம். வினாடிக்கு ஒரு கனஅடி நீர் 24 மணி நேரம் ஓடினால் ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 2 அடி உயரம் நிற்கும். தொளி அடிக்க 8 அங்குலம் என்று வைத்தால், ஒரு கனஅடியில் ஒரு நாளைக்கு 3 ஏக்கர். 60 ஏக்கர் ஏலாவுக்கு 2 கனஅடி வந்தால் 10 நாள். வாய்க்கால் கசிவுக்கு மேலும் 5 நாள். நட்டு முடிந்தபின் அதே 60 ஏக்கருக்கு, நாளொன்றுக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம், ஒரு கனஅடி போதும்.

பேச்சிப்பாறை அணையின் முழு மட்டமான 48 அடியில் எத்தனை, பெருஞ்சாணி அணையின் 77 அடியில் எத்தனை என்று தினமும் பார்க்கிறோம். பார்க்க வேண்டியதுதான். ஆனால் அணை நிரம்பியும் கடைவரம்பு காய்வதுண்டு. தோவாளை சானலோ அனந்தனார் சானலோ, கோளாறு பெரும்பாலும் கிளை வாய்க்காலில்தான்.

பிப்ரவரி இறுதியில் அடைத்து ஜூனில் திறப்பது வழக்கம் என்பதால், வாய்க்கால் தூர்வாரும் வேலைக்குக் கிடைப்பது மூன்று மாதம். அதிலும் கோடை மழை குறுக்கிடும். மே கடைசியில் தொடங்கினால், ஜேசிபி எளிதாகப் போகும் சாலையோரத் தலைப்பகுதி மட்டும் பளிச்சென்று ஆகும். வால்பகுதியில் புல் அப்படியே நிற்கும். வேகமாகத் தோண்டும்போது அடிமட்டம் மேடும் பள்ளமுமாகிறது. முதலில் வரும் தண்ணீர் பள்ளங்களை நிரப்பிவிட்டுத்தான் நகரும். கொத்தனார் வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டத்தால் 30 மீட்டருக்கு ஒருமுறை சரிவு பார்த்தால் போதும். அள்ளிய மண்ணைக் கரையின் உள்விளிம்பில் குவிக்க விடாதீர்கள், இரண்டு மழையில் அது திரும்ப வாய்க்காலுக்கே வந்துவிடும். ஆகவே வேலை வாலிலிருந்து தலைக்குப் போகட்டும். பணம் பாதியில் தீர்ந்தால் மிச்சம் நிற்பது தலைப்பகுதி. அங்குள்ளவர்கள் சத்தம் போட்டே வேலை வாங்கிவிடுவார்கள்!

சங்கடம் இனிமேல்தான். வாழைக்காரருக்கும் தென்னைக்காரருக்கும் தண்ணீர் வேண்டும், அவர்களும் உறுப்பினர்கள். முதல் 15 நாள் இரவுப் பாய்ச்சல் முழுக்க நெல்லுக்கு என்று முடிவெடுத்தால், தலைமடைத் தோப்புக்காரரிடம் ‘இப்போது இல்லை, 16-ஆம் நாள்’ என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். அதைத் தண்ணீர் வந்தபின் மடையில் நின்று சொன்னால் சண்டை. ஏப்ரல் கூட்டத்திலேயே முறை எழுதி, நாளும் மணியும் போட்டு, கையெழுத்து வாங்கிவிடுங்கள். தலைவரின் சொந்தக்காரர் வயலுக்கு ஒரே ஒரு ராத்திரி மடை திறந்தாலும் அந்தத் தாளை யாரும் மதிக்க மாட்டார்கள்.

அளப்பதற்குக் கருவி தேவையில்லை. நேராக உள்ள 10 மீட்டர் வாய்க்காலில் ஒரு தென்னங்குரும்பையைப் போடுங்கள். அகலம் 1 மீட்டர், ஆழம் 30 சென்டிமீட்டர், குரும்பை கடக்க 40 வினாடி என்றால், மேல்நீர் அடிநீரைவிட வேகமாக ஓடும் என்பதால் 0.85-ஆல் பெருக்கி, வினாடிக்குச் சுமார் 64 லிட்டர் வரும். அதாவது 2 கனஅடிக்குக் கொஞ்சம் மேலே. தலையில் ஒன்று, வாலில் ஒன்று என இரண்டு இடத்தில் அளந்தால் இடையில் எவ்வளவு காணாமல் போகிறது என்பது தெரியும்.

அந்த இரண்டு எண்களையும் தேதியோடு கடைசி மடைச் சுவரில் தினமும் சாக்பீஸால் எழுதி வைக்கச் சொல்லுங்கள். இந்தக் கன்னிப்பூ (முதல் போக நெல்) பருவத்திலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
வாய்க்கால் கணக்குப் பார்க்கும் சிலர்