கிதார் வாங்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய மூன்று லிங்கையும் திறந்து பார்த்தேன். நிறம், மரம், கூடவே தரும் பை, பெல்ட், கேப்போ என்று எல்லாம் எழுதியிருக்கிறார்கள். கிதாரின் கழுத்தான நெக்கிலிருந்து கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதுதான் முதல் விஷயம். உயரம் கூடினால் விரல் நுனி வலிக்கும், கார்ட் (பல கம்பிகளை ஒன்றாக அழுத்திப் பிடிக்கும் சுரக்கூட்டு) சுத்தமாக விழாது, தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்து இரண்டே மாதத்தில் கிதாரை மூலையில் சாத்திவிடுவார்கள். வலித்ததற்குக் காரணம் விரல் இல்லை, கிதார். இது தெரியாமல் விட்டுவிட்டவர்கள் ஏராளம்.

அதனால் முடிந்தவரை கடைக்கே போய் வாங்கு. தில்லியில் தர்யாகஞ்ச் பக்கம் இசைக்கருவிக் கடைகள் இருக்கின்றன. வார நாளில், கூட்டம் இல்லாத நேரத்தில் போனால் நிதானமாகப் பார்க்க விடுவார்கள். கையில் நாலு ஏடிஎம் கார்டு, ஒரு விசிட்டிங் கார்டு, ஒரு துண்டுக் காகிதம், போனில் ட்யூனர் ஆப் இருந்தால் போதும். முதலில் கிதாரைச் சுருதி சேர்க்கச் சொல். கம்பி தளர்ந்திருக்கும்போது அளந்தால் எல்லா அளவும் பொய்.

உயரத்தை 12ஆம் ஃபிரெட்டில் பார்க்க வேண்டும். நெக்கில் குறுக்காகப் பதித்திருக்கும் உலோகத் துண்டுதான் ஃபிரெட்; 12ஆவதில் பெரும்பாலும் இரட்டைப் புள்ளி இருக்கும். அதன் உச்சிக்கும் தடித்த ஆறாம் கம்பியின் அடிக்கும் நடுவில் ஏடிஎம் கார்டுகளை அடுக்கி நுழை. ஒரு கார்டு 0.76 மி.மீ., மூன்று சேர்ந்தால் 2.3 மி.மீ. எழுத்துப் புடைப்பு இல்லாத பகுதியாகப் பார்த்து வை. மூன்று கார்டு கம்பியை லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் நல்ல உயரம். நாலாவதும் தாராளமாகப் போனால் ரொம்ப அதிகம். மெல்லிய முதல் கம்பியில் இரண்டு கார்டு எளிதாகப் போகவேண்டும், மூன்றாவது கம்பியைத் தூக்கவேண்டும். நான் சொல்லும் இந்தக் கணக்கு இரும்புக் கம்பி கிதாருக்கு. நைலான் கம்பி கிதாரில் இயல்பாகவே 3 முதல் 4 மி.மீ. இருக்கும், அதை இதே அளவால் தள்ளிவிடாதே.

உயரம் கூடியிருந்தால் உடனே வேண்டாம் என்று வைத்துவிட வேண்டியதில்லை. உடம்பில் கம்பிகளின் அடி முனை மாட்டியிருக்கும் மரத்துண்டுதான் பிரிட்ஜ். அதன் மேல் வெள்ளைப் பட்டையாக நிற்கும் சேடிலைப் பார். பிரிட்ஜுக்கு மேலே 3, 4 மி.மீ. துருத்திக்கொண்டிருந்தால் அதன் அடிப்பக்கத்தைத் தேய்த்து இறக்கிவிடலாம். 12ஆம் ஃபிரெட்டில் அரை மி.மீ. குறைய சேடிலில் ஒரு மி.மீ. தேய்க்கவேண்டும், ஏனென்றால் 12ஆம் ஃபிரெட் கம்பியின் சரிபாதியில் இருக்கிறது. சேடில் ஏற்கெனவே பிரிட்ஜோடு பிரிட்ஜாகப் பதிந்துகிடக்கிறது, அப்படியும் கம்பி உயரமாக நிற்கிறது என்றால் நெக் உடம்போடு சேரும் கோணமே பிசகிவிட்டது. அதைச் சரிசெய்யும் கூலி கிதார் விலையையே தொட்டுவிடும். எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அதை எடுக்காதே.

அடுத்தது நெக்கின் வளைவு. ஆறாம் கம்பியை முதல் ஃபிரெட்டிலும் 14ஆம் ஃபிரெட்டிலும் ஒரே சமயம் அழுத்திப் பிடி. இப்போது கம்பியே நேர்கோடு போடும் அளவுகோல் ஆகிவிட்டது. நடுவில் ஏழாம் ஃபிரெட்டுக்கு மேலே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கவேண்டும். ஏடிஎம் கார்டே நுழைந்தால் நெக் முன்னால் அதிகமாக வளைந்திருக்கிறது. இடைவெளியே இல்லாமல் கம்பி ஒட்டிக்கிடந்தால் பின்னால் வளைந்திருக்கிறது. அப்போது கம்பி ஃபிரெட்டில் பட்டு ‘ஜ்ர்ர்’ என்று அதிரும். நெக்கின் உள்ளே போகும் உலோகத் தண்டான டிரஸ் ராடைத் திருகி இதைச் சரிசெய்யலாம். கடைக்காரர் உன் எதிரிலேயே கால் திருகு, அரைத் திருகு வைத்துக் காட்டட்டும். திருகு நகராமல் இறுகிப்போயிருந்தால் அந்தக் கிதார் வேண்டாம். நீயாகத் திருகாதே, ஒருதரம் மரை போனால் போனதுதான். கம்பி உயரத்தைக் குறைக்க டிரஸ் ராடையே முறுக்குகிற கடைக்காரர்களும் உண்டு. அது வளைவைச் சரிசெய்வதற்கு மட்டும். உயரம் சேடில் வேலை.

எஃப் கார்ட் வராமல் கஷ்டப்படுகிறவர்களின் கிதாரை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் நட்டில்தான் கோளாறு இருக்கும். தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் வெள்ளைப் பட்டைதான் நட். அதில் காடி ஆழமாக வெட்டப்படாமல் இருந்தால் முதல் ஃபிரெட் பக்கம் கம்பி மிக உயரமாக நிற்கும். ஒவ்வொரு கம்பியையும் மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து பார். கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் சரி. ஏடிஎம் கார்டு நுழையும் அளவு இடம் இருந்தால் கை ஒடியும். இதில் இன்னொரு தொல்லையும் சேர்ந்து வரும். உயரத்திலிருந்து அழுத்தும்போது கம்பி கூடுதலாக இழுபடுகிறது, அதனால் சுரம் ஏறிவிடும். சும்மா மீட்டினால் சுத்தமாக இருக்கும் கிதார், சி கார்ட் பிடித்ததும் அபஸ்வரமாகக் கேட்கும். சிறு அரத்தால் காடியை இறக்குவது அரை மணி நேர வேலைதான். ஆனால் அதிகம் அரைத்துவிட்டால் நட்டையே மாற்றவேண்டும், ஆகவே தெரிந்தவர் கையில் கொடு.

சுருதியைச் சோதிக்க ட்யூனர் ஆப்பைத் திற. 12ஆம் ஃபிரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் தொட்டுக்கொண்டே மீட்டி விரலை எடு, மணி மாதிரி ஒலிக்கும். பிறகு அதே இடத்தில் நன்றாக அழுத்தி மீட்டு. இரண்டும் ஒரே சுரமாக வரவேண்டும். ஐந்து சென்ட் வரை வித்தியாசம் பரவாயில்லை, அரைச்சுரத்துக்கு நூறு சென்ட். பத்துப் பதினைந்து என்று காட்டினால் முதலில் புதுக் கம்பி போட்டுப் பார்க்கச் சொல், ஏனென்றால் மாதக்கணக்கில் கடையில் தொங்கித் துருப்பிடித்த கம்பியே சுருதியைக் கெடுக்கும். புதுக் கம்பியிலும் அப்படியே இருந்து, எல்லாக் கம்பியும் ஒன்றுபோல ஏறியோ இறங்கியோ பிசகினால் பிரிட்ஜையே இடம் தவறி ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கவேண்டியதுதான்.

பிறகு பொறுமையாக ஒரு வேலை. ஆறு கம்பியிலும் முதல் ஃபிரெட்டிலிருந்து 14 வரை ஒவ்வொன்றாக அழுத்தி மீட்டிக் கேள். மொத்தம் 84 சுரம், ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஓரிடத்தில் மட்டும் அதிர்ந்தால் அதற்கு அடுத்த ஃபிரெட் எழும்பியிருக்கிறது. இதைக் கடைக்காரர் ‘பழகப் பழகச் சரியாகிவிடும்’ என்பார், சரியாகாது. நெக்கின் இரண்டு ஓரத்திலும் விரலை மேலும் கீழும் ஓட்டிப் பார். ஃபிரெட் முனை குத்தினால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

காகிதத் துண்டு பிரிட்ஜுக்கு. 12-53 செட் (மெல்லிய கம்பி 0.012 அங்குலம், தடித்தது 0.053) கம்பிகள் சேர்ந்து பிரிட்ஜை ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கின்றன, அந்த இழுப்பைத் தாங்குவது வெறும் பசை. பிரிட்ஜின் பின் ஓரத்தில் காகிதத்தை நுழைத்துப் பார். உள்ளே போனால் ஒட்டு விடத் தொடங்கிவிட்டது. பிரிட்ஜுக்குப் பின்னால் மேற்பலகை லேசாக உப்பியிருப்பது இயல்பு. வயிறு தள்ளினாற்போல உப்பி, முன்பக்கம் குழிவிழுந்திருந்தால் எடுக்காதே. இந்த இழுவிசையால்தான் நைலான் கம்பிக்கென்று செய்த கிதாரில் இரும்புக் கம்பி போடக்கூடாது. நைலான் இழுப்பது அதில் கிட்டத்தட்டப் பாதி.

இவ்வளவுக்கும் பிறகுதான் மரம். ‘சாலிட் டாப்’ என்றால் மேற்பலகை அடுக்கில்லாத முழு மரம், ‘லாமினேட்’ என்றால் மெல்லிய தகடுகளை ஒட்டியது. ஒலித்துளையின் விளிம்பை உற்றுப் பார், மேலே ஓடும் ரேகை விளிம்பிலும் இறங்கி வந்தால் முழு மரம், அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப் பலகை. முழு மரம் நன்றாகப் பாடும், வாசிக்க வாசிக்க இன்னும் திறக்கும். யமஹாவில் எஃப்310 என்ற மாடல் ஒட்டுப் பலகை, எஃப்ஜி800 சாலிட் ஸ்ப்ரூஸ் மரம். ஆனாலும் உனக்கு முதல் கிதார் ஒட்டுப் பலகையாக இருப்பதே நல்லது என்பது என் எண்ணம். தில்லிச் சீதோஷ்ணம் மரத்துக்குப் பெரிய சோதனை. மே, ஜூனில் அனல் காற்று, ஆடியில் புழுக்கம், ஜனவரியில் நீ போடும் ஹீட்டர். ஈரப்பதம் 45லிருந்து 55 சதவீதம் இருந்தால் கிதாருக்குச் சுகம். 40க்குக் கீழே போனால் சாலிட் பலகை வெடிக்கலாம், 70ஐத் தாண்டினால் உப்பிக் கம்பியை உயர்த்திவிடும். ஒட்டுப் பலகை இதையெல்லாம் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். எதுவானாலும் ஹீட்டர் பக்கத்திலோ சுவரில் மாட்டியோ வைக்காதே, வாசித்து முடித்ததும் பைக்குள் வை. குளிர்காலத்தில் துளையிட்ட சோப்பு டப்பாவில் பிழிந்த ஸ்பாஞ்சைப் போட்டுப் பையின் தலைப்பக்கத்தில் வைத்தால் போதும். காரில் மட்டும் ஒருநாளும் விடாதே, வெயிலில் பசை இளகி பிரிட்ஜ் எழும்பிவிடும்.

அளவு உன் உடம்புக்குத் தகுந்தது. 41 அங்குலம் என்று விற்பது பெரும்பாலும் டிரெட்னாட் என்ற பெரிய உடம்பு. பேரே ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பேர், உடம்பும் அப்படித்தான். உன் தோள் அகலத்துக்கு வலதுகை அதன் மேல் ஏறி இறங்குவது கஷ்டம், ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை வலிக்கும். அதைவிடச் சிறிய கான்செர்ட் உடம்பு கேட்டுப் பார். உட்கார்ந்து மடியில் வைத்து, கழுத்தைக் குனியாமல் பத்து நிமிடம் வைத்திருந்து பார்த்தால் உனக்கே தெரியும். நீ பாடிக்கொண்டே கார்ட் போடத்தானே கேட்கிறாய், இரும்புக் கம்பி போதும். நைலான் விரலுக்கு இதம்தான், ஆனால் நெக் 52 மி.மீ. அகலம், இரும்புக் கம்பியில் 43. உன் சின்னக் கைக்கு எட்டுவது சிரமம். ஒலிபெருக்கியில் இணைக்கும் பிக்கப், உடம்பின் ஓரத்தை வெட்டிய கட்அவே எல்லாம் இப்போது வேண்டாம், அந்தப் பணம் கிதாரைச் சரிசெய்யும் செட்டப்புக்குப் போகட்டும்.

பணத்தை இப்படிப் பிரித்துக்கொள். மொத்தம் பன்னிரண்டாயிரம் என்று சொன்னாய். பத்தாயிரத்துக்குள் கிதார். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு நட், சேடில், நெக் மூன்றையும் சரிசெய்யும் கூலி. மீதியில் 0.011 அங்குலச் செட் கம்பி ஒன்று, கிளிப் ட்யூனர் ஒன்று. கடையில் போட்டிருப்பது 0.012 ஆக இருந்தால் மாற்றச் சொல், விரலுக்கு வித்தியாசம் முதல் நாளே தெரியும். பழைய கிதார் மலிவாகக் கிடைத்தாலும் இதே சோதனைதான். கூடவே ஃபிரெட்டில் கம்பி பதிந்து பள்ளம் விழுந்திருக்கிறதா, தலைப்பகுதி நெக்கோடு சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்.

ஏதாவது ஒன்று பிடித்துவிட்டால் உடனே காசைக் கொடுத்துவிடாதே. 12ஆம் ஃபிரெட்டுக்குப் பக்கவாட்டில் போனை நெக் மட்டத்துக்கு இறக்கி, கார்டு மூன்றும் கம்பிக்கு அடியில் இருக்கும்படி ஒரு படம். சேடில் தெரியும்படி இன்னொரு படம். முதல் ஃபிரெட்டுக்கு மேலே வெளிச்சம் தெரியும்படி மூன்றாவது. மூன்றையும் கடையிலிருந்தே அனுப்பு, பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா