சென்சாருக்கு முன்னால் ஸ்க்ரூ

கடலூர், மஞ்சக்குப்பம்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம். உங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சென்சார் மாட்டித் தர ஆள் வந்திருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்கு, ஆனால் புயலுக்குத் தாங்கும்படி கட்டடத்தைச் சரிசெய்துவிட்டு, கடைசியில் வாங்கு.

2011இல் 'தானே' புயல் நம்மைக் காற்றால் அடித்தது, 2024இல் ஃபெஞ்சல் புயல் தண்ணீரால். முதலில் காற்றைப் பார். கட்டடங்களின் காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதிப்படி நம் கரையில் காற்றின் அடிப்படை வேகம் விநாடிக்கு 50 மீட்டர். 2015 திருத்தம் கடலிலிருந்து 60 கி.மீ.க்குள் இருக்கும் பள்ளிக்கு இதை 1.30 ஆல் பெருக்கச் சொல்கிறது. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மற்ற காரணிகளை 1 என்று வைத்தாலும் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ என்பது 250 ஆகிவிடும். பழைய கணக்கில் போட்ட சத்துணவுக்கூட ஷீட் எதற்குப் பறக்கிறது என்று இப்போது புரியும்.

பறப்பது நடுவில் தொடங்காது. ஓரத்திலும் மூலையிலும்தான் இழுப்பு அதிகம். ஷீட்டைப் பிடித்திருக்கும் வளைந்த கொக்கியான ஜே ஹூக் அந்த இழுப்பில் நிமிர்ந்துவிடும். அதைக் கழற்றிவிட்டு செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ போடு: ஓரம், மூலை, முகடு எல்லாவற்றிலும் ஷீட் நெளிவின் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒன்று, நடுவில் ஒன்று விட்டு ஒன்று. ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கியதும் டிரில்லை நிறுத்தச் சொல். நசுக்கினால் வெயிலில் வெடித்து, ஒழுகி, ஸ்க்ரூ துருப்பிடிக்கும். ஷீட் நின்று, அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினின் வெல்டிங் விட்டுப்போனாலும் பயனில்லை, அதையும் தட்டிப் பார். ஜன்னல் கொக்கியையும் விடாதே. ஒரு ஜன்னல் திறந்தால் காற்று உள்ளிருந்தும் கூரையைத் தூக்கும்.

அடுத்தது கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியின் துரு. புதுக் கருவிகளில் நான் முதலில் காசு கொடுப்பது, அந்தத் துருவை மின்னழுத்தம் அளந்து கண்டுபிடிக்கும் ஹாஃப் செல் சோதனைக்குத்தான். ஓரிடத்தில் கம்பியைத் திறந்து வயரை இணைத்து, கான்கிரீட்டை நனைத்து, அரை மீட்டர் கட்டத்தில் காப்பர் சல்பேட் எலெக்ட்ரோடை வைத்து அளக்க வேண்டும். மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் உள்ளே துரு ஓடுகிறது என்று எடுத்துக்கொள். காய்ந்த கான்கிரீட்டில் அளந்தால் அந்த எண் பொய். கான்கிரீட்டைத் தட்டிப் பலம் பார்க்கும் ரீபவுண்ட் ஹாம்மரும், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஏறி இறுகிய (கார்பனேஷன் ஆன) மேற்பரப்பில் பலத்தைக் கூட்டிக் காட்டும். அதை மட்டும் நம்பிச் சான்று கொடுப்பவரிடம் எச்சரிக்கையாக இரு.

உதிர்ந்த இடத்தில் மட்டும் பூசுவது வீண். உப்பு பக்கத்தில் இருப்பதால் பூசிய ஒட்டின் விளிம்பைச் சுற்றியே துரு மறுபடி தொடங்கும். கம்பிக்குப் பின்னால் 20 மி.மீ. வரை கொத்தி, பளபளவென்று தேய்த்து, ஜிங்க் பிரைமர் அடித்து, பாலிமர் மார்ட்டர் (பாலிமர் கலந்த சிமென்ட் சாந்து) வை. புது வேலை என்றால் எம் 30 என்ற பலத் தரத்துக்குக் குறையாத கான்கிரீட், கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கான்கிரீட் மூடல் (கவர்). கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி. தாண்டக் கூடாது, நம் பக்கத்து போர் தண்ணீரைச் சோதிக்காமல் ஊற்றிவிடாதே.

இதெல்லாம் முடிந்த பிறகு சென்சார். ஒன்று போதும், அதுவும் நீர்மட்டத்துக்கு. ஒலி அலையால் மட்டத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரின் முகத்தில் சிலந்தி வலை கட்டினால் வெயில் நாளிலும் வெள்ளம் என்று எஸ்.எம்.எஸ். அனுப்பும், வாரம் ஒரு துடைப்பு வேண்டும். மின் பலகையை வெள்ளக் கோட்டுக்கு மேலே ஏற்றிவிடு.

உங்கள் கொட்டகை பர்லின் எத்தனை மி.மீ. தடிமன், எத்தனை அடிக்கு ஒன்று? அளந்து எழுது, ஸ்க்ரூ கணக்கு போட்டுத் தருகிறேன்.

உன்,
பாலு