கட்டண உயர்வு: சதவீதம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பொதுப் பல்கலைக்கழகங்களின் கட்டண உயர்வு பற்றி வரும் செய்திகளில் பெரும்பாலும் ஒரே ஒரு எண்தான் இருக்கிறது: கல்விக் கட்டணம் இத்தனை சதவீதம் உயர்ந்தது. மாணவர் கையில் இருக்கும் ரசீதில் அது வெறும் ஒரு வரி. அதற்குக் கீழே பதிவு, தேர்வு, ஆய்வகம், நூலகம், இணையம், விளையாட்டு, வளர்ச்சி நிதி என்று பட்டியல் நீள்கிறது. கல்விக் கட்டணத்தை உயர்த்த அரசின் ஒப்புதல் தேவைப்படும் இடங்களில்கூட, இந்த மற்ற வரிகளைப் பல்கலைக்கழகமே ஒரு சுற்றறிக்கையில் மாற்றிக்கொள்ள முடிவதுண்டு. எல்லோரும் கவனிக்கும் வரி அசையாமல் நிற்கும். கண்ணில் படாத வரிகள் வளரும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இதுதான் நடந்தது. 2006-இல் அங்குள்ள பொதுப் பல்கலைக்கழகங்கள், புதிதாகச் சேர்வோருக்கு நான்கு ஆண்டுகளும் ஒரே கல்விக் கட்டணம் என்று உறுதியளித்தன. அடுத்து வந்த பொருளாதாரச் சரிவில் மாநில அரசின் நிதி குறைந்தது. வாக்குக் கொடுத்த கட்டணத்தைத் தொட முடியாது என்பதால், 2009-இல் எல்லா மாணவர்களுக்கும் ஒரு சிறப்புக் கட்டணம் தற்காலிக ஏற்பாடாக வந்தது. அந்தத் 'தற்காலிகம்' நீக்கப்பட 2022 ஆயிற்று. ஒரே கட்டணத் திட்டமோ 2009-இலேயே புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டுவிட்டது. இல்லினாய் மாநிலம் இதே உறுதியை 2004 முதல் சட்டமாகவே வைத்திருக்கிறது. அதிலும் கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான் பாதுகாப்பு.

ஆண்டுக்கு 10 சதவீத உயர்வு என்றால் பெரிதாகத் தோன்றுவதில்லை. முதலாண்டுக் கட்டணத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மூன்று ஆண்டுகளில் அது 110, 121, 133.1 ஆகிறது. சேரும்போது குடும்பம் போட்ட கணக்கு 400. கட்டி முடிக்கும்போது 464.1. ஓராண்டுக் கட்டணத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை நெருங்கும் இந்தக் கூடுதல், படிப்பை விட்டு விலகவும் முடியாத மூன்றாம், நான்காம் ஆண்டுகளில்தான் பெரும்பாலும் வந்து விழுகிறது. சேர்வதற்கு முன் உயர்ந்தால் வேறு படிப்பையோ வேறு கல்லூரியையோ யோசிக்கலாம். நடுவில் உயர்ந்தால் கடன் ஒன்றுதான் வழி.

உயர்வின் காரணம் எப்போதும் வீண்செலவு என்று சொல்வதும் சரியில்லை. அரசு மானியம் அதே தொகையில் நிற்க, மாணவர் எண்ணிக்கை 1,000-லிருந்து 1,250 ஆனால், ஒரு மாணவருக்குக் கிடைக்கும் மானியம் 20 சதவீதம் குறைந்துவிடுகிறது. மானியத்தை யாரும் வெட்டவில்லை என்று அரசும் சொல்லிக்கொள்ளலாம், பொய் இல்லை. கட்டணத்தை அப்படியே உறைய வைத்தாலும் தீராது. இங்கிலாந்தில் 2012-இல் ஆண்டுக் கல்விக் கட்டணத்தின் உச்சவரம்பு 9,000 பவுண்டுக்குத் தாவியது. 2017-இல் 9,250 ஆக்கப்பட்டு அங்கேயே பல ஆண்டுகள் நின்றது. விலைவாசி ஏற ஏற, பல்கலைக்கழகங்கள் அதிகக் கட்டணம் செலுத்தும் வெளிநாட்டு மாணவர்களை நம்பத் தொடங்கின. 2025-இல் வரம்பு 9,535 ஆனது.

தொகையைவிடத் தேதி செய்யும் கெடுதல்தான் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. கட்டணம் செமஸ்டர் தொடங்கும் முன் கட்டியாக வேண்டும். உதவித்தொகையோ, மாணவர் பதிவு செய்துவிட்டார் என்று கல்லூரி சான்றளித்த பிறகுதான் வருகிறது. கட்டணம் கட்டாமல் பதிவு இல்லை, பதிவு இல்லாமல் உதவித்தொகை இல்லை. இந்த முடிச்சில் சிக்குபவர்கள் கைமாற்று வாங்குகிறார்கள், தாமத அபராதமும் கட்டுகிறார்கள். தகுதியுள்ள மாணவரிடம் அபராதம் வசூலிப்பதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்?

பிறகு வேலை. வாரத்துக்கு மேலும் சில மணி நேரம் வேலைக்குப் போக, ஒரு பாடத்தைக் கைவிடுகிறார்கள். ஒரு செமஸ்டரில் இத்தனை கிரெடிட் (பாட அலகு) எடுக்க வேண்டும் என்ற உதவித்தொகை நிபந்தனை அங்கே உடைகிறது. உதவித்தொகை நின்றால் வேலை நேரம் இன்னும் கூடும், அரியர் சேரும், படிப்பு ஓராண்டு நீளும், அந்த ஓராண்டுக்கும் கட்டணம் உண்டு. முடித்தாலும் பாக்கி இருந்தால் மதிப்பெண் சான்றிதழைக் கொடுக்க மறுக்கும் நிறுவனங்கள் உண்டு. சான்றிதழ் இல்லாதவருக்கு வேலை கிடைக்காது. வேலை இல்லாதவர் பாக்கியை எப்படிக் கட்டுவார்?

செய்ய முடிந்தவை சில உள்ளன. சேர்க்கைக் கடிதத்திலேயே, எல்லாத் தலைப்புகளையும் சேர்த்து, முழுப் படிப்புக்குமான தொகையை ஆண்டுவாரியாக அச்சிட வேண்டும். உயர்வு தவிர்க்க முடியாததானால், அது அடுத்து சேரும் அணியிலிருந்துதான் தொடங்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு: நான்காண்டு உயர்வையும் முன்கூட்டியே ஊகித்து, முதலாண்டுக் கட்டணத்திலேயே ஏற்றிவிடுவார்கள். அதனால் புதிய அணியின் உயர்வுக்கும் ஒரு வரம்பு வேண்டும். விலைவாசிக் குறியீட்டோடு அதை இணைக்கலாம். புதிய தலைப்பில் கட்டணம் விதித்தால் அதன் முடிவுத் தேதியும் அதே ஆணையில் இருக்க வேண்டும். உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர்களை, முடிவு வரும்வரை 'நிலுவை' என்று குறித்துப் பதிவு செய்யலாம். இதற்கு மென்பொருளில் ஒரு குறியீடு சேர்த்தால் போதும்.

கட்டணக் கடனைப் பொறுத்தவரை, ஆஸ்திரேலியா 1989 முதல் வைத்திருக்கும் முறையில், வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகே வரித்துறை வழியாகத் திருப்பிச் செலுத்தல் தொடங்குகிறது. ஆனால் கடன் விலைவாசியோடு ஏறிவந்தது. 2023-இல் ஒரே ஆண்டில் 7.1 சதவீதம் ஏறி, மறு ஆண்டு அந்தக் கணக்கையே அரசு திருத்த நேர்ந்தது.

தங்கள் நிருபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கட்டண அறிவிப்பு வரும்போது மூன்று எண்களைக் கேட்டு வாங்கி வெளியிடுங்கள்: ரசீதின் கடைசி வரியில் உள்ள மொத்தத் தொகை, ஏற்கெனவே படிப்பவர்களுக்கு அது எவ்வளவு கூடுகிறது, கடந்த ஐந்தாண்டில் ஒரு மாணவருக்கான அரசு மானியம் எப்படி மாறியிருக்கிறது.