சேலைக்கரை என்றால் குறைச்சலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு கலைப்பக்க விமர்சனம் ஓர் அரூப ஓவியரின் (உருவங்களை வரையாமல் நிறத்தாலும் வடிவத்தாலும் மட்டும் வரைபவரின்) படங்களைச் “சேலைக்கரை மாதிரி, வெறும் அலங்காரம்” என்று ஒதுக்கியிருந்தது. கரை நெய்யத் தெரிந்தவர் அந்த ‘வெறும்’ என்ற சொல்லைப் போட்டிருக்க மாட்டார்.

1911இல் பாரிஸில் வாழ்ந்த ஓவியர் சோனியா டெலோனே தன் கைக்குழந்தைக்குத் துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைத்தார். அவருடைய அரூப ஓவியத்துக்கு வழி திறந்தது அந்தப் போர்வைதான். அதற்கு முந்திய ஆண்டு பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் ஜெர்மனியின் மியூனிக் சென்று இஸ்லாமியக் கலைக் கண்காட்சியைப் பார்த்துவந்தார். கம்பளங்களும் அதில் இருந்தன.

விஷயம் நிறத்தின் அகலத்தில் இருக்கிறது. சிவப்பும் பச்சையும் ஒரே அழுத்தத்தில் இரண்டு அங்குலப் பட்டைகளாகப் பக்கத்தில் நின்றால் விளிம்பு துடிக்கும், கண் கூசும். அதே இரண்டையும் ஒரு மில்லிமீற்றர்க் கோடுகளாக்கிப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள்: மங்கிய பழுப்பு. தறியில் சிவப்புப் பாவில் (நெடுக்கு நூலில்) பச்சை ஊடை (குறுக்கு நூல்) ஓட்டினாலும் கிட்டத்தட்ட இதுவே நடக்கும். மஞ்சளையும் நீலத்தையும் தட்டில் குழைத்தால் பச்சை வரும். மெல்லிய கோடுகளாக அடுக்கினால் சாம்பல் பக்கம் சாயும். துடிப்பை அடக்க இரண்டு பட்டைகளுக்கும் நடுவே கருமையாகவோ வெள்ளையாகவோ ஒரு மெல்லிய கோடு போதும். கண்டி விகாரைச் சுவரோவியங்களில் சிவப்புத் தளத்தின் மேல் உருவங்களைக் கருங்கோடு பிரித்து நிறுத்துவதைக் காணலாம். கொழும்பு கொள்ளுப்பிட்டியில் இலங்கை வடிவமைப்பாளர் பார்பரா சன்சோனியின் கைத்தறித் துணிகளைப் பார்ப்பவர்கள், அகலப் பட்டைகளுக்கு இடையில் ஓடும் ஒற்றை இழைகளைக் கவனித்தால் விளங்கும்.

மீண்டும் மீண்டும் வரும் வடிவமும் அப்படித்தான், கைப்பழக்கம் மட்டும் போதாது. மூன்று, நான்கு, ஐந்து, நான்கு, மூன்று என்று பத்தொன்பது ஊடுபுள்ளி வைத்த கோலத்தில் ஒரு புள்ளி விலகினால், வளைவு கோணுவது அடுத்த வரிசையில்தான் தெரியும். கன்வஸில் ஒவ்வொரு கட்டத்தையும் முந்திய கட்டத்திலிருந்து அளந்தால், தலைக்கு 2 மி.மீ. பிசகு இருபதாவது கட்டத்தில் 4 செ.மீ. ஆகிவிடும். எல்லா அளவையும் ஒரே ஓரத்திலிருந்து குறிக்க வேண்டும்.

நேர்விளிம்புக்கு டேப் ஒட்டுகிறவர்கள், முதலில் அடித்தள நிறத்தையே டேப் ஓரத்தில் ஒருமுறை பூசிக் காயவிட வேண்டும். கசிவது அந்த நிறமாகவே இருப்பதால் தெரியாது. பிறகு புது நிறம். ஈரம் காயும் முன் டேப்பை உரித்துவிட வேண்டும். காய்ந்தபின் உரித்தால் அக்ரிலிக் படலம் சேர்ந்து கிழிந்து வரும்.

விமர்சனத்தோடு வந்த படமும் ஒரு காரணமாயிருக்கலாம். இரண்டு பத்தி அகலத்துக்குச் சுருக்கினால் சிவப்பு, பச்சைக் கோடுகள் பழுப்பாகக் கலந்துவிடும். இனிமேலாவது படத்தின் கீழே அசலின் நீள அகலத்தைப் போடுங்கள். இரண்டடியா எட்டடியா என்று தெரியாமல் கோட்டின் அகலத்தை எப்படி மதிப்பது?

ஓவிய ஆசிரியர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.