'சூப்பர்' போதாது

ஆசிரியருக்கு,

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் கேமராவும் கையுமாக நிற்பவர்கள் பெருகிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டால் வருவது 'சூப்பர்', 'செம' மட்டுமே. அதில் கற்க என்ன இருக்கிறது?

படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கிவிடும். ஷட்டர் வேகம் (ஒளியை உள்ளே விடும் நேரம்), அபர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) போன்ற, படத்தோடு பதிவாகும் விவரங்களும் அழிந்துவிடும். (டாக்குமென்டாக அனுப்பும்போது, படம் எடுத்த இருப்பிட விவரமும் கூடவே சென்றுவிடலாம் என்பதால், வீட்டில் எடுத்த படமென்றால் அந்த விவரத்தை முதலில் நீக்கிவிடுங்கள்.) விவரம் இல்லாமல் மங்கலுக்குக் காரணம் சொல்வது கடினம். முழுப் படமும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆட்டம். வலை வீசுபவரின் கை மட்டும் கலைந்திருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. 1/1000 நொடி வைத்துப் பார்க்கலாம். ஆள் மங்கி, பின்னால் படகு தெளிவாக இருந்தால் ஃபோகஸ் பிசகு. மொத்தமும் வெளிறியிருந்தால் பெரும்பாலும் லென்ஸில் உப்புப் படலம்தான். அதைச் சட்டை நுனியால் துடைக்கக் கூடாது, கீறிவிடும்.

சூரியனைச் சுற்றி வானம் வெள்ளையாகத் தெரிந்தால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) -1க்குக் குறைக்கச் சொல்லலாம். பிரெஞ்சுப் பகுதியின் மஞ்சள் சுவர் சோகை பிடித்ததுபோல் தெரிந்தால், ஆட்டோ வொயிட் பேலன்ஸை (கேமராவே நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை) விட்டு 'டேலைட்' வைக்கச் சொல்லுங்கள்.

கருத்து சொல்பவர், தம் கண் முதலில் எங்கே போனது என்று சொன்னாலே எடுத்தவருக்குப் பாதி விளங்கிவிடும். ஒரு படத்துக்கு ஒரு குறை போதும்; பத்தை அடுக்கினால் அடுத்த படம் வராது.

— ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி