நீல ரயில் ஓட உதவிய எல்லோருக்கும் நன்றி

எங்கள் கட்டடத்து அயலவர்களுக்கும் வெளியிலிருந்து கைகொடுத்தவர்களுக்கும் அன்பு வணக்கம்.

கடந்த ஒக்டோபர் 31 ஆம் திகதி மாலை, எங்கள் ஏழு வயது மகன் நீல ரயில் வேடத்தில் மாடி மாடியாக ஏறி இறங்கி, ஒவ்வொரு கதவடியிலும் ஒரு நிலையத்தின் பெயரை அறிவித்து இனிப்பு வாங்கியதை உங்களில் பலர் பார்த்தீர்கள். அந்த ஹலோவீன் வேடத்துக்கு நாங்கள் கடையில் கொடுத்த பணம் 13 டொலர் மட்டுமே. மிகுதி முழுவதும் உங்கள் வீடுகளிலிருந்தும் உங்கள் உழைப்பிலிருந்தும் வந்தது. வாசலில் நின்று அவசரமாகச் சொன்ன நன்றி போதாது என்று மனைவியும் நானும் எண்ணியதால் இம்மடலை எழுதுகிறோம்.

அவன் ஏன் ரயிலாக விரும்பினான் என்பதை முதலில் சொல்ல வேண்டும். கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோ பகுதியில் 1985 முதல் கென்னடிக்கும் மக்கோவனுக்கும் இடையில் ஆறே நிலையங்களோடு ஓடிய மூன்றாம் இலக்கப் பாதையின் சிறிய ரயிலில், சனிக்கிழமைகளில் அம்மம்மா அவனை ஏற்றிச் சென்று, கென்னடியில் இறங்காமல் அதே ரயிலில் திருப்பி அழைத்து வருவார். 2023 ஜூலை 24 ஆம் திகதி அது தடம்புரண்டது. அதன் பிறகு ஓடவேயில்லை. சக்கரத்தைச் சுழற்றும் வழக்கமான மோட்டார் இல்லாமல், தண்டவாளங்களுக்கு நடுவே கிடந்த உலோகப் பட்டையோடு காந்த விசையால் இழுபட்டு ஓடிய அந்த ரயிலின் ரீங்காரத்தை அவன் இன்றும் மூக்கால் இசைத்துக் காட்டுவான். கடைகளில் அப்படியொரு வேடம் கிடைக்காது. கிடைத்தவையும் 40 டொலருக்கு மேல் இருந்தன; கோடையிலிருந்து எனக்கு வேலை நேரம் குறைந்திருந்த நிலையில் அது எங்களால் இயலாத தொகை.

மின்சாதனக் கடையின் பின்வாசலில் பிரிட்ஜ் வந்த காட்போட் பெட்டியை மூன்று நாள் மழையில் நனையாமல் எடுத்து வைத்திருந்து, அதைத் தன் வாகனத்திலேயே கொண்டுவந்து இறக்கிய தம்பிக்கு முதல் நன்றி. பெட்டியை வெட்டும் முன், அதன் உள்வரிகள் மேலிருந்து கீழாக நிற்கும்படி வைத்தால்தான் சுவர் தொய்யாது என்றும், மடிக்க வேண்டிய இடத்தில் மொட்டைக் கத்தியால் கோடு அழுத்திக்கொண்டால் மூலை நேராக மடியும் என்றும் காட்டித் தந்தவரும் அவரே.

நீலப் பெயின்ற் ஐந்தாம் மாடி அக்கா தம் சமையலறைச் சுவருக்கு அடித்தது போக மிஞ்சியது. நான் ஒரு பக்கம் மட்டும் பூசிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் பக்கச் சுவர்கள் இரண்டும் பாளைபோல் வளைந்து கிடந்தன. பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளை அதைக் கண்டு ஒன்றும் பேசாமல் நின்றது இப்போதும் மனதை வருத்துகிறது. தண்ணீர்ப் பெயின்ற் ஒரு பக்கத்தை மட்டும் நனைத்ததால் வந்த வளைவு இது, உட்பக்கமும் பூசினால் நிமிர்ந்துவிடும் என்று அக்கா மீதி வாளியோடு வந்து தாமே பூசி, மேலே அரிசி மூட்டைகளை அடுக்கிவிட்டுப் போனார். மாலையில் சுவர்கள் பலகைபோல் நேராக இருந்தன.

தரைமாடியில் தையல் வேலை செய்யும் மாமிக்கு நாங்கள் மிகவும் கடன்பட்டிருக்கிறோம். ஒக்டோபர் முடிவில் குளிர்ச் சட்டை போடாமல் பிள்ளையை வெளியே விட முடியாது. வேடத்தை அதற்கு மேல்தான் போட வேண்டும் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. மாமி அவனுக்குச் சட்டையைப் போட்டுவிட்டே தோளையும் மார்பையும் அளந்தார். பழைய புத்தகப்பையின் பட்டிகளைக் கழற்றி, தோளில் வெட்டாமலிருக்க உள்ளே பஞ்சு வைத்துத் தைத்து, பெட்டியின் நான்கு மூலைகளிலும் துணி மடித்துப் பிணைத்தார். படியில் இறங்கும்போது தட்டாமலிருக்க, முழங்காலுக்கு நான்கு விரல் மேலே பெட்டி முடிய வேண்டும் என்று சொல்லி அதையும் அவரே வெட்டினார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

முன்விளக்குகளுக்கு மெழுகுதிரி வேண்டாம் என்று தடுத்து, பற்றரியில் எரியும் சிறு விளக்குகளை ஒட்டித் தந்த உயர்தரப் பள்ளி மாணவிக்கும், வெட்டி ஒட்ட இடமில்லாமல் நாங்கள் திண்டாடியபோது சலவை அறைக்கு அடுத்த வெற்றறையை இரண்டு இரவுகள் திறந்துவிட்ட கட்டடப் பராமரிப்பாளருக்கும் நன்றி. 13 டொலரில் ஒளியைத் திருப்பும் டேப், தெளிவான பெட்டி டேப், வெள்ளைப் பெயின்ற், சூட்டுப் பசைக் குச்சிகள் ஆகியவற்றை டொலராமா என்ற மலிவு விலைக் கடையில் வாங்கினோம். பெட்டியின் அடிவிளிம்பு முழுவதும் தெளிவான டேப் சுற்றியிருந்ததால், அன்றிரவு தூறலில் அயல் தெருவுக்குப் போய் வந்தும் காட்போட் ஊறவில்லை.

கீழ்க்கூடத்தில் ஒட்டிய தாளில் பெயர் எழுதி, கதவில் பூசணிப் படம் தொங்கவிட்ட எல்லா வீட்டாருக்கும் எங்கள் நன்றி. ஒன்பதாம் மாடியில் ஒரு முதியவர் கதவைத் திறந்ததும் குனிந்து, "எல்ஸ்மியரில் நிற்குமா?" என்று அந்தப் பாதையின் ஒரு நிலையத்தைச் சொல்லிக் கேட்டாராம். தன்னை ரயிலென்று சொல்லாமலே ஒருவர் அறிந்துகொண்டதை மகன் அம்மம்மாவிடம் நான்கு தடவை சொல்லிவிட்டான்.

அக்காவின் பெயின்ற் வாளியையும் மாமியின் பெரிய கத்தரிக்கோலையும் இந்தச் சனிக்கிழமை கொண்டுவந்து தருவோம். ரயில் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தட்டையாக மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பட்டிகளை நீட்டினால் பத்து வயதுப் பிள்ளைக்கும் போதும் என்று மாமி சொல்கிறார். அடுத்த ஹலோவீனுக்கு யாருக்காவது தேவைப்பட்டால் தயங்காமல் வந்து கேளுங்கள்.