எல்லாம் நெட்டுல இருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையைப் பாதி சாத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு ஆச்சி படியேறி வந்தார். கையில் மஞ்சப்பை. அதற்குள் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், புருஷனின் இறப்புச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில்.

"டீச்சரம்மா, ஓஏபி, அதான் முதியோர் பணம், எழுதிப் போடணும். ஆபீஸ்ல கேட்டா, எல்லாம் நெட்டுல இருக்கு, போய்ப் பாருன்னுட்டாங்க. அந்த நெட்டு உங்க கடையிலதான் இருக்காமே?"

நான் சிரித்துவிட்டேன். ஆச்சி சிரிக்கவில்லை. அவருக்கு அது மூன்றாவது நாள் அலைச்சல். மகளிர் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த மூன்று நாளும் பீடித் தட்டு வீட்டில் சும்மா கிடந்ததற்கு யார் கூலி தருவது? அதற்கு முந்தின நாள் வேறொரு ஊரில் ஒரு கடையில் 'ஆன்லைன் செலவு' என்று 300 ரூபாய் வாங்கிக்கொண்டு, நாளைக்கு வா என்று அனுப்பியிருக்கிறார்கள். முதியோர், விதவை உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் 10 ரூபாய். 300 இல்லை, 10.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. அம்பாசமுத்திரத்தில் அப்பா நடத்திய தட்டச்சுப் பயிலகத்தை அவருக்குப் பிறகு நான் நடத்தினேன். ரெமிங்டன், கோத்ரெஜ் என்று ஆறு மிஷின். இந்தப் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ பேர் லோயர், ஹையர் பாஸ் செய்தது அங்கேதான். அதனால்தான் இன்னமும் டீச்சர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மிஷின்கள் ஓய்ந்த பிறகு அதே இடம் ஜெராக்ஸ் கடையாகிவிட்டது. இ-சேவை மையம் நடத்த நான் அனுமதி வாங்கவில்லை. மனு டைப் அடிப்பேன், நகல் எடுப்பேன், கேட்டால் கம்ப்யூட்டரில் தேடிக் கொடுப்பேன். அவ்வளவுதான் தொழில்.

எல்லாம் நெட்டில் இருக்கிறது என்பது பொய்யில்லை, நிஜமாகவே இருக்கிறது. பட்டா, சிட்டா, புல வரைபடம் எல்லாவற்றையும் காசில்லாமல் பார்க்கலாம். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம் பார்க்கவும் காசில்லை. ரேஷன் கார்டில் பேர் சேர்க்க, நீக்க, விலாசம் மாற்ற அதற்கென்று ஒரு தளம். பட்டா வாங்க எத்தனை முறை விஏஓ வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று எங்கள் வயதுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். அதை நான் மறுக்கவே மாட்டேன்.

ஆனால் இருப்பது வேறு, கைக்குக் கிடைப்பது வேறு. முதல் தொல்லை பேர்தான். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் ஓஏபி, அல்லது முதியோர் பணம். நெட்டில் 'இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம்' என்று இருக்கும், பல இடத்தில் அதுவும் ஆங்கிலத்தில். விதவைப் பணம் என்று தேடினால் யாரோ யூடியூபில் பேசுவது வருகிறது. அரசுப் பக்கம் வர வேண்டுமென்றால், 'ஆதரவற்ற விதவை ஓய்வூதியம்' என்று அதன் வீட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்தப் பேர் தெரிந்தவருக்கு என் கடையில் என்ன வேலை?

அடுத்தது எழுத்து. நான் எழுத்தடித்தே பிழைத்தவள், இதில் கொஞ்சம் கோபம் கூடுதலாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அரசாணையைக் கோணலாக ஸ்கேன் பண்ணி, படமாக ஏற்றிவிடுகிறார்கள். படத்துக்குள் இருக்கிற வார்த்தையைத் தேடினால் கிடைக்குமா? சில பழைய கோப்புகளைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாகக் கோழி கிண்டியதுபோல் வருகிறது. அது எந்தக் காலத்து எழுத்துருவோ. கோயம்புத்தூரில் செம்மொழி மாநாடு நடந்த 2010-லேயே, எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடு எழுத்துமுறைதான் என்று அரசு ஆணை போட்டாயிற்று. முதியோர் தொகையை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக்கியது 2023 ஆகஸ்டில். நான் பார்த்த ஒரு பக்கத்தில் அதற்குப் பிறகும் 1,000 என்றே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஒருவர், மீதி 200-ஐ யாரோ தின்கிறார்கள் என்று வாங்குகிறவரிடமே சண்டைக்குப் போனார்.

ஊர்ப்பேர் சங்கதி இதைவிட வேடிக்கை. பட்டா பார்க்க மாவட்டம், வட்டம், கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் கிராமம் வருவாய் கிராமம். வருகிறவர் சொல்வது தான் குடியிருக்கிற தெருவின், குக்கிராமத்தின் பேர். பட்டியலில் அது இருக்காது. இருந்தாலும் பகுதி ஒன்று, பகுதி இரண்டு என்று பிரிந்து கிடக்கும். "எய்யா, உங்க தீர்வை ரசீதுல என்ன ஊர் போட்டிருக்கு?" என்று கேட்டு, அவர் வீட்டுக்குப் போன் போட்டு, அங்கே பேரன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, இப்படியே அரைமணி நேரம் போகும். ஊரகமா நத்தமா (குடியிருப்பு நிலமா) என்று இன்னொரு கேள்வி. வீடு இருக்கிற இடம் நத்தமாக இருந்தால் ஊரகத்தில் தேடி எத்தனை தடவை தட்டினாலும் ஒன்றும் வராது. இதை எங்காவது ஒரு வரி தமிழில் எழுதி வைத்திருந்தால் எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பாமல் இருந்திருப்பார்கள்!

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனது. கடையம், ஆழ்வார்குறிச்சி அந்தப் பக்கம் போயின. அம்பாசமுத்திரமும் கல்லிடைக்குறிச்சியும் திருநெல்வேலியிலேயே நின்றன. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடையத்துக்காரர்கள் இன்றும் இங்கேதான் வருகிறார்கள், என் கடைக்கும் வருகிறார்கள். வாய் தன்னால் திருநெல்வேலி மாவட்டம் என்கிறது, நானும் யோசிக்காமல் அதையே தட்டிவிட்டு ஊரைக் காணோமே என்று முழிக்கிறேன். நெட்டில் பழைய பக்கங்கள் வேறு பழைய மாவட்டத்திலேயே அந்த ஊர்களை வைத்திருக்கின்றன.

ஆச்சியிடம் வருகிறேன். இ-சேவையில் விண்ணப்பம் போட 'கேன்' எண் வேண்டும். ஆளுக்கு ஒன்று, ஒருமுறை பதிந்தால் போதும். "கேன் நம்பர் இருக்கா ஆச்சி?" என்றேன். "தண்ணி கேனா? நாங்க குழாய்த் தண்ணிதான் தாயி" என்றார். சரி, புதிதாகப் பதியலாம் என்றால் ஓடிபி வேண்டும். ஆதாரில் இருப்பது மகனின் போன் நம்பர். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்டில் நிற்கிறான். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. டீ இடைவேளையில் அவன் ஓடிபியைப் பார்த்துச் சொன்னபோது அது காலாவதியாகியிருந்தது. அந்தக் குறுஞ்செய்தியில் ஒரு வரி தமிழ் கிடையாது.

இந்த இடத்தில் என் குட்டையும் சொல்லிவிடுகிறேன். நானும் யோக்கியம் இல்லை. ரெண்டு நிமிஷ வேலையான பட்டா நகலுக்கு 50 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தேன், இரண்டு வருடம் முன்பு வரை. ஜனங்களுக்குத் தெரியாததுதானே எங்களைப் போன்ற கடைகளுக்கு வருமானம்? ஒரு நாள் என்னிடம் டைப் படித்த பெண் ஒருத்தி, இப்போது சென்னையில் இருக்கிறாள், மாமனார் பட்டாவுக்காக வந்தாள். கூட இருந்த மகள் போனிலேயே அதை எடுத்துவிட்டாள். "டீச்சர், இது ஃப்ரீதானே?" என்று அம்மாக்காரி கேட்டாள். கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. எனக்குத்தான் முகம் கருத்துப் போயிற்று. மறுநாளே அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வாசலில் தொங்கவிட்டேன்: 'பட்டா பார்ப்பது இலவசம். பிரிண்டுக்கு மட்டும் 10 ரூபாய்.' அன்றிலிருந்து பக்கத்துக் கடைத் தம்பி என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கடைக்காரன் 40 ரூபாய் கூட வாங்குவது கூடப் பரவாயில்லை, ஏமாற்றுத் தளங்கள்தான் பயங்கரம். பட்டா, பிஎம் கிசான், ரேஷன் என்று எதைத் தேடினாலும் சிங்கமுத்திரை போட்ட தனியார் பக்கம் முன்னால் வந்து நிற்கிறது. பேர், போன், ஆதார் எண் எல்லாம் கேட்கிறது. விவசாயிகளுக்கு வருடம் 6,000 ரூபாய் மூன்று தவணையாக வருகிறதல்லவா, அந்தப் பணத்தின் பேரைச் சொல்லி வாட்ஸாப்பில் ஒரு ஃபைல் சுற்றுகிறது. முக்கூடல் பக்கத்திலிருந்து வரும் ஒரு அண்ணாச்சி அதைத் தொட்டுவிட்டு, நெல் விற்ற பணத்தைக் கோட்டை விட்டார். என்னிடம் வந்தபோது இரண்டு நாள் கழிந்திருந்தது. 1930 என்ற எண்ணை உடனே கூப்பிட வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா பாருங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். அதிலும் ஒரு சங்கடம்: பிறப்பு, இறப்புச் சான்றிதழ் எடுக்கிற நம் மாநிலத் தளமே நெடுநாளாக 'ஓஆர்ஜி' என்றுதான் முடிந்தது. "டீச்சர், இது போலியா?" என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்ல?

ஆசிரியர் அவர்களே, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ஐ ஒரு மனுவுக்காகப் படிக்க நேர்ந்தது. 10 ரூபாய் கட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அதே சட்டத்தின் நான்காவது பிரிவு, யாரும் கேட்காமலே அலுவலகங்கள் தகவலைத் தாமாக வெளியிட வேண்டும் என்கிறது. அந்த வட்டார மொழியில், அந்த இடத்துக்கு ஏற்ற வழியில் சொல்ல வேண்டுமாம். எந்தெந்த வழி என்றும் வரிசை போட்டிருக்கிறது: அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, வானொலி தொலைக்காட்சி போன்றவை, அதற்குப் பிறகுதான் இணையம். ஐந்தாவது இடம்! முதல் நான்கையும் தாண்டிக் குதித்து நம்மவர்கள் ஐந்தாவதில் போய் உட்கார்ந்துகொண்டு, "எல்லாம் நெட்டுல இருக்கு" என்கிறார்கள். தண்டோரா கூடாது என்று 2022-ல் அரசு சொன்னது நல்ல காரியம், ஒரு மனிதனைப் பறையோடு வெயிலில் நடக்கவிட்டது போதும். அதற்குப் பதில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி வரலாம் என்றார்கள். எங்கள் தெருவுக்கு வரும் வண்டி பழைய இரும்பு, ஈயம் பித்தளைக்குத்தான் வருகிறது.

நான் கேட்பது ஒரு பலகை. அலுவலகத்தின் வாசலில், உள்ளே இல்லை, பெரிய எழுத்தில். மேலே 'ஓஏபி' என்றே எழுதட்டும், கீழே வேண்டுமானால் இந்திரா காந்தியின் பேர் வரட்டும். வயது 60. கட்டணம் 10. கொண்டுவர வேண்டியவை இன்னின்ன. விசாரிக்க வருபவர் விஏஓ, வருவாய் ஆய்வாளர். உத்தரவு போடுபவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். இந்தக் கடைசி வரி மிக முக்கியம். பாதிப் பேர் வேறு வட்டாட்சியர் அறைக்கு முன்னால் காத்துக் கிடக்கிறார்கள். அப்புறம், வருமானம், சாதி, வாரிசுச் சான்றிதழ்களுக்குக் கட்டணம் 60 என்றும் ஒரு வரி. இதற்குச் செலவு ஒரு டப்பா பெயிண்ட்.

என் கடைச் சுவரில் இப்போது ஒரு சார்ட் ஒட்டியிருக்கிறேன். முதல்வர் உதவி மையம் 1100. ரேஷன் 1967. பெண்களுக்கு 181. பணம் பறிபோனால் 1930. முதியோருக்கு 14567, காலை 8 மணியிலிருந்து இரவு 8 வரை. இந்தக் கடைசி எண்ணை, நான் ஒட்டிய பிறகு வந்தவர்களில் ஏற்கெனவே தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, "இதை ஏன் பேப்பர்ல போட மாட்டேங்கான்?" என்று கேட்டார். இந்தக் கடிதத்துக்கு அவர்தான் காரணம்.

சட்டத்தின் வரிசையில் செய்தித்தாளுக்கு இரண்டாவது இடம். உங்கள் நெல்லைப் பக்கத்தில் தினமும் நகை விலை போடுகிறீர்கள், பாபநாசம் அணை நீர்மட்டம் போடுகிறீர்கள். அதற்குக் கீழே நாலு வரியில் ஒரு பெட்டி: இன்றைக்கு ஓஏபி, நாளைக்குப் பட்டா மாறுதல், மறுநாள் ரேஷன் கார்டில் பேர் நீக்குவது. எங்கே, எவ்வளவு, என்னென்ன தாள். டீக்கடையில் ஒருவர் படித்தால் பத்துப் பேர் காதில் விழும். தொகையோ விதியோ மாறினால் அன்றைக்கே திருத்திப் போடுங்கள்.

ஆச்சியின் விண்ணப்பத்தை இ-சேவை மையத்துக்கு நானே கூடப் போய் வியாழக்கிழமை பதிந்தாயிற்று. மகனுக்கு அன்றைக்கு இரவு ஷிப்ட், ஓடிபி சரியான நேரத்தில் வந்தது. 10 ரூபாய்தான் ஆயிற்று. ரசீது நம்பரை அவருடைய ரேஷன் கார்டு உறைக்குள் எழுதிச் செருகியிருக்கிறேன். விசாரணைக்கு இன்னும் ஆள் வரவில்லை.

இப்படிக்கு,
பழைய தட்டச்சு டீச்சர்,
அம்பாசமுத்திரம்

(என் பெயரும் கடைப் பெயரும் வேண்டாம். ஏற்கெனவே ஒரு தம்பி பேசுவதில்லை.)

பி.கு.: கடிதம் நீளம் என்று தெரியும். எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், 14567-ஐ மட்டும் வெட்டிவிடாதீர்கள்.